நாலாவது கம்பியும் ஆறாவது கம்பியும்

அன்னலட்சுமி முதல் வகுப்புக்கு ஒன்றேகால் மணித்தியாலம் பிந்திப் போய்ச் சேர்ந்தாள். ஹாலி எலைக்குக் கிட்ட மண் சரிந்து பாதையில் பாதியை மூடியிருந்தது. பஸ் அசைவதாக இல்லை. இறங்கி, சரிந்த இடத்தைக் கால் புதையப் புதையக் கடந்து, அந்தப் பக்கம் நின்ற வேறொரு பஸ்ஸைப் பிடித்துப் பதுளைக்கு வந்தாள். பசார் வீதியில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் வகுப்பு. படியேறும்போது சேலைக் கரையில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்து, திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். ஆனால் தோட்டம் அனுப்பிய வகுப்பு. திரும்பிப் போய் என்ன சொல்வது?

தெமோதரைக்கு மேலே உள்ள தோட்டமொன்றின் அலுவலகத்தில் அவள் ஒன்பது வருடமாக வேலை செய்கிறாள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, அங்கிருந்தே உயர்தரம் படித்து, தட்டச்சு வேலைக்கு வந்தவள். கணினி வந்தபோது மற்றவர்கள் தள்ளி நின்றார்கள். இவள் அதன் மூடியைக் கழற்றி, உள்ளே படிந்த தேயிலைத் தூசியைத் தூரிகையால் தட்டிவிட்டு மறுபடி பூட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய கிளாக்கர் வைரவநாதன்தான், அலுவலகக் கணினியையும் தொழிற்சாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்துக் கணினியையும் இணைக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, இந்தப் பிள்ளையை அனுப்புங்கள், படித்துக்கொண்டு வரட்டும் என்று தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரையிடம் சொன்னவர். அது 2005 நவம்பர். மூன்று மாதம், ஒவ்வொரு சனிக்கிழமையும்.

பன்னிரண்டு பேர் படிக்கும் அறையில் ஒரேயொரு இடம்தான் காலியாக இருந்தது. பக்கத்தில் தலையை மூடிய ஒரு பெண், பத்தொன்பது வயது இருக்கும், ஒரு வயரின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். பெயர் நூருல் இனாயா. வாப்பாவுக்குப் பதுளையில் தையல் கடை. உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். இதையெல்லாம் அவள் கை வேலையை நிறுத்தாமலே சொல்லி முடித்தாள்.

படிப்பித்தவர் சேந்தன். அவருக்கே இருபத்தாறு வயதுதான். வயரின் முனையில் பிளக்கை அழுத்திப் பூட்டும் கருவி வகுப்பு முழுவதற்கும் ஒன்றுதான் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மேசை மேசையாக ஓடிக்கொண்டிருந்தார். பிந்தி வந்தவளுக்கு நின்று விளக்க நேரமில்லை. இனாயாவிடம், இவங்களுக்குக் கொஞ்சம் காட்டிக் குடுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கரும்பலகையில் இருந்ததும் அழிக்கப்பட்டிருந்தது.

வயருக்குள் எட்டுக் கம்பிகள். நிறத்துக்கு இரண்டாக நாலு சோடிகள்: செம்மஞ்சள், பச்சை, நீலம், கபிலம். ஒவ்வொரு நிறமும் தன் வெள்ளைக் கோட்டுக் கம்பியோடு முறுக்கிக்கொண்டு கிடந்தது. முறுக்கைப் பிரித்து, எட்டையும் வரிசையாக நீட்டி, பிளக்கினுள் செருக வேண்டும். எந்த வரிசையில் என்று அன்னலட்சுமி கேட்டாள். இனாயா சோடி சோடியாக அடுக்கிக் காட்டினாள். செம்மஞ்சள் இரண்டு, பச்சை இரண்டு, நீலம் இரண்டு, கபிலம் இரண்டு.

“சேர் போர்டுல வேற மாதிரித்தான் எழுதினார் அக்கா. பச்சையப் பிரிச்சி நடுவுல நீலத்தப் போட்டு. அவசரத்துல மாத்தி எழுதிட்டார் போல. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாச் சரிதானே? கரண்டுக்கு நிறம் தெரியுமா?”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இனாயா செய்த வயரைச் சோதனைப் பெட்டியில் செருகியபோது ஒன்றிலிருந்து எட்டுவரை பச்சை விளக்குகள் ஒழுங்காக எரிந்து அணைந்தன. சேந்தன் எட்டிப் பார்த்து, நல்லம் என்று தலையசைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அன்னலட்சுமியின் வயர் ஐந்து தடவை சரிவராமல் ஆறாவது தடவை எரிந்தது. விரல் நுனியெல்லாம் எரிச்சல். ஆனாலும் அந்த எட்டு விளக்கையும் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை வீட்டுக்குப் போய்க் கணவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், எரிஞ்சிருச்சு என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை எப்போது வரும் என்று இருந்தது. இனாயாவின் கைவேகம் மட்டுமல்ல காரணம். வகுப்பில் சேந்தன் ஏதாவது சொல்லி விளங்கிச்சா என்று கேட்டால் பதினொரு பேரும் தலையாட்டுவார்கள். இனாயா மட்டும், இல்லை சேர், விளங்கயில்லை என்பாள். வெட்கமோ வீம்போ அதில் இருக்காது. சேந்தன் மறுபடி சொல்வார். அப்போதுதான் மற்றவர்களுக்கும் விளங்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இப்படியொரு துணிச்சல் வேண்டும் என்பதே அன்னலட்சுமிக்கு அதுவரை தெரியாது. அவள் வளர்ந்த இடத்தில், தெரியாது என்று சொன்ன ஆளை மறுநாள் வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள்.

ஒருமுறை அன்னலட்சுமிக்கும் கைம்மாறு செய்யக் கிடைத்தது. ஒவ்வொரு கணினிக்கும் எண்ணால் ஒரு முகவரி உண்டு, அதில் முன்பகுதி வலையமைப்பைக் குறிக்கும், பின்பகுதி கணினியைக் குறிக்கும் என்று சேந்தன் சொன்னது இனாயாவுக்கு இரண்டு வாரமாகப் பிடிபடவில்லை. அன்னலட்சுமி தன் கொப்பியில் லயத்தைக் கீறிக் காட்டினாள். பத்தாம் நம்பர் லயம், அதில் நாலாம் காம்பரா, அதாவது நாலாவது அறை. ஒரே லயத்துக்காரர்கள் சுவரைத் தட்டிப் பேசிக்கொள்ளலாம். வேறு லயத்துக்குச் சேதி போக வேண்டுமென்றால் வாசலுக்கு வந்து பாதையில் இறங்கித்தான் போக வேண்டும். முகவரியின் கூடவே எழுதுகிற இன்னொரு இலக்கம், லய நம்பர் எந்த எண்ணோடு முடிகிறது என்று சொல்வதற்குத்தான். இனாயா கொப்பியை வாங்கிப் பார்த்தாள். பிறகு சேந்தனைக் கூப்பிட்டு, அக்கா சொல்றத எல்லாருக்கும் சொல்லச் சொல்லுங்க சேர் என்றாள். அன்னலட்சுமி வாழ்க்கையில் முதன்முதலாகக் கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். முப்பத்திரண்டு வயதில்.

பெப்ரவரியில் வகுப்பு முடிந்தது. கடைசிப் பரீட்சையில் இருவருடைய வலையமைப்பும் முதல் தடவையிலேயே வேலை செய்தது. அடுத்த வகுப்பு ஏப்ரலில் தொடங்கும்போது இனாயாவை உதவிப் பயிற்றுநராக எடுத்துக்கொள்வதாகச் சேந்தன் சொல்லியிருந்தார். அன்னலட்சுமி சான்றிதழை மடிக்காமல் கொண்டுபோகக் கடதாசி மட்டை ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மார்ச் மாதம் தோட்டத்தில் வேலை தொடங்கியது. ஒரு பெரிய சுருள் வயர், ஒரு சிறிய இணைப்புப் பெட்டி, பிளக்குகள், கருவி எல்லாம் வந்தன. அலுவலகத்திலிருந்து தொழிற்சாலைக்கு எண்பது மீற்றர். கூரைக்கடியிலும், கற்படிக்கட்டின் ஓரமாகப் பதித்த குழாய்க்குள்ளுமாக மூன்று நாளில் வயரை இழுத்து முடித்தார்கள். இரண்டு முனையிலும் அன்னலட்சுமியே பிளக் பூட்டினாள். சோதனைப் பெட்டியில் எட்டு விளக்கும் எரிந்தன. கணினியில் செருகியதும் அங்கேயும் விளக்கு வந்தது. தொழிற்சாலையில் சிலர் கை தட்டினார்கள்.

ஆனால் வேலை நடக்கவில்லை. சின்னச் சேதி ஒன்று அனுப்பினால் போகும், அடுத்தது போகாது. அன்றைய கொழுந்து நிறைப் பட்டியலை அனுப்பினால் பாதியில் நின்றுவிடும். விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கொழுந்து அரைக்கும் ரோலர் மோட்டாரின் வேலை என்றார் தொழிற்சாலை எலக்ட்ரீசியன். பனி இறங்கி வயர் நனைந்துவிட்டது என்றார் ஒருவர். எலி என்றார் இன்னொருவர். அன்னலட்சுமி எதையும் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ரோலரும் காற்றாடிகளும் நின்று தொழிற்சாலை ஓய்ந்து கிடந்தபோது போய்ச் சோதித்துப் பார்த்தாள். அன்றும் அதே கதை. குழாய் முழுவதும் நடந்து பார்த்தாள். ஈரமில்லை, எலி கடித்த தடயமும் இல்லை. அப்படியென்றால் பிழை தன் கையில்தான் என்று அவளுக்குப் பட்டது. ஆனால் எங்கே? பிளக்கை நாலு தடவை வெட்டிப் புதிதாகப் பூட்டிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அதே வரிசை, அதே எட்டு விளக்கு.

இரண்டு வாரம் போயிற்று. வைரவநாதன் அவளைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதில் வந்து தோட்டத்து அலுவலகத்திலேயே தலை நரைத்தவர். சத்தம் போட மாட்டார். அதுதான் இன்னும் கஷ்டம்.

“மூண்டு மாதம் போய்ப் படிச்சனீர் பிள்ளை. லைற் எரியுது எண்டுறீர். ஆனா வேலை செய்யேல்லை. நான் துரைக்கு என்னத்தைச் சொல்ல?”

கொழும்பிலிருந்து ஆட்களைக் கூப்பிடப் போவதாகவும், பயிற்சி சரியில்லை என்று நிலையத்துக்குக் கடிதம் எழுதப் போவதாகவும் அவர் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவளைச் சிபாரிசு செய்தவர் அவர்தான்.

அன்று மத்தியானம் அன்னலட்சுமி அலுவலகத் தொலைபேசியிலிருந்து இனாயாவின் வாப்பாவுடைய கடைக்கு அழைத்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள், தான் செய்த ஞாயிற்றுக்கிழமைச் சோதனை உட்பட. இனாயா ஒன்றும் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், தெரியல்ல அக்கா, பாத்துட்டுச் சொல்றேன் என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதுமே அன்னலட்சுமிக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. மற்ற எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்த இரண்டு வாரம் அது.

மூன்றாம் நாள், புதன்கிழமை, இனாயா அறிவிக்காமலே வந்து நின்றாள். தெமோதரையில் பஸ்ஸை விட்டு இறங்கி மலை ஏறி நடந்து வந்திருந்தாள். தோளில் ஒரு பை. அலுவலகத்தில் பெரிய துரையும் வைரவநாதனும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அன்னலட்சுமி எழுந்து போய், வெளியே வா, முதலில் தண்ணி குடி என்று இழுத்தாள். இனாயா அசையவில்லை. பெரிய துரையிடம் சிங்களத்தில் தன் பெயரைச் சொல்லி, இந்த வயர் விஷயமாக இரண்டு நிமிஷம் பேச வேண்டும் என்றாள். துரை கதிரையைக் காட்டினார். அவள் நின்றபடியே முதலில் சிங்களத்திலும், பிறகு வைரவநாதனைப் பார்த்துத் தமிழிலும் சொன்னாள்.

“அக்காட பிழை இல்ல. மொத நாள் நான்தான் அக்காக்குப் பிழையாச் சொல்லிக் குடுத்த. சேர் சரியாத்தான் எழுதினார். அவர் பிழை விட்டுட்டார்னு நான் நெனச்ச.”

பையிலிருந்து ஒரு முழத் துண்டு வயரை எடுத்து மேசைமேல் வைத்து உரித்தாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். நிலையத்தில் மிஞ்சிக் கிடந்த நீண்ட சுருளை அவிழ்க்காமலே, இரண்டு முனையிலும் தங்களுடைய வரிசையில் பூட்டி அவள் சோதித்திருக்கிறாள். எட்டு விளக்கும் எரிந்தன, கோப்பு போகவில்லை. பிறகு சேந்தன் எழுதிய வரிசையில் பூட்டினாள். போயிற்று. ஏன் என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்க அந்தக் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கம்பிகள் சும்மா முறுக்கப்படவில்லை. மூன்றாவது இடத்துக் கம்பியும் ஆறாவது இடத்துக் கம்பியும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்கின்றன. அவை இரண்டும் ஒரே முறுக்கில் இருந்தால்தான் ஒன்றின் இரைச்சலை மற்றது அடக்கும். இவர்களுடைய வரிசையில் அவை வேறு வேறு சோடியில் கிடந்தன. வகுப்பில் செய்தது இரண்டு மீற்றர் வயர். அந்தத் தூரத்தில் குறை வெளியே தெரியவில்லை. எண்பது மீற்றரில் தெரிந்துவிட்டது. சோதனைப் பெட்டியோ கம்பி அறுந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், எது எதோடு முறுக்கியிருக்கிறது என்று பார்க்காது.

“நாலாவதும் ஆறாவதும் எடம் மாறணும், அவ்வளவுதான்” என்றாள்.

அன்னலட்சுமி தொழிற்சாலை முனைக்குப் போனாள். இனாயா அலுவலக முனையில் உட்கார்ந்தாள். பழைய பிளக்கை வெட்டி, பச்சையை ஆறாவது இடத்துக்கும் நீலத்தை நாலாவது இடத்துக்கும் அன்னலட்சுமி மாற்றி வைத்தாள். பூட்டிவிட்டு, அன்று காலைப் பட்டியலை அனுப்பினாள். போய்விட்டதா என்று யோசிப்பதற்குள் அது போய்விட்டிருந்தது. நம்பாமல் மறுபடி அனுப்பினாள். பிறகு அந்த மாதத்துப் பட்டியல்கள் முழுவதையும் ஒன்றாக அனுப்பினாள். அலுவலகத்துக்கு ஓடி வந்து பார்த்தபோது எல்லாம் அங்கே இருந்தன.

பெரிய துரை இனாயாவிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனார். வைரவநாதன் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை நீங்கள் போனிலயே சொல்லியிருக்கலாமே. பத்து நிமிச வேலை. இவவும் மாத்தியிருப்பா, எங்களுக்கும் ஒண்டும் தெரிய வந்திராது.”

“போன்ல சொன்னா அக்கா மட்டும்தான் கேட்டிருப்பா” என்றாள் இனாயா. “நீங்க எல்லாரும் அக்காவத்தானே பிழை சொன்னீங்க.”

வைரவநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அன்னலட்சுமியிடம் திரும்பி, நான் சொன்னதை மனசில வைக்காதையும் என்றார். அலுவலகத்தில் அவர் அப்படிச் சொல்லி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு இறங்கி வரும் வழியில்தான் மற்றதெல்லாம் அன்னலட்சுமிக்குத் தெரிய வந்தது. இனாயா இங்கே வருவதற்கு முன்பே சேந்தனிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவருக்கு நல்ல கோபம். பலகையில் எழுதியதை நம்பாமல் தன்பாட்டுக்கு மாற்றி மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்த ஆளை எப்படிப் பயிற்றுநராக நிறுத்துவது என்று கேட்டிருக்கிறார். ஏப்ரல் வகுப்புக்கு அவள் வர வேண்டாம் என்றாகிவிட்டது. இதைச் சொல்லிவிட்டு அவள் உடனே மற்றவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். வகுப்பில் இன்னும் ஐந்து பேர் தங்களைப் பார்த்து அதே வரிசையில் செய்தவர்கள். மூன்று பேருக்குத் தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது. நமுனுகுலப் பக்கத்தில் ஒருவருக்குக் கடிதம் போட்டிருக்கிறாள். மீதி ஒருவர் மொனராகலையில் கடை வைத்திருக்கும் ரெங்கம்மா. சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை நேரில் போகப் போகிறாள்.

அந்த ஐந்து பேரில் ரெங்கம்மாவுக்கு வரிசையைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று அன்னலட்சுமிக்கு நினைவு வந்தது. இனாயா அன்று காய்ச்சலென்று வரவில்லை. பக்கத்து மேசையிலிருந்து கேட்ட ரெங்கம்மாவுக்குச் சோடி சோடியாக அடுக்கிக் காட்டியது தன் கைகள்தான். இனாயா அதைச் சொல்லவே இல்லை. அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

“நானும் வர்றேன் புள்ள” என்றாள் அன்னலட்சுமி.

ஞாயிறு காலை இருவரும் பதுளையில் பஸ் ஏறினார்கள். மலை இறங்க இறங்கக் காற்று சூடாகி, மொனராகலைக்கு வந்து சேர்ந்தபோது முதுகெல்லாம் நனைந்திருந்தது. ரெங்கம்மாவின் கடையில் தொலைபேசிக் கூண்டுகள் இரண்டும் கணினிகள் நாலும் இருந்தன. நாற்பது வயதிருக்கும், கணவர் இறந்த பிறகு தனியாகக் கடையை நடத்துகிறவர். வந்தவர்களை உட்காரவைத்து, குடிக்க ஏதாவது எடுத்துவரப் போனார். வந்த காரியத்தைச் சொன்னதும் முகம் மாறியது. நாலும் நல்லபடி ஓடுகின்றன, ஓடுவதை எதற்குக் கழற்ற வேண்டும் என்றார். இந்த நாலையும் தவிர, தள்ளி வேறு எங்காவது ஒன்று வைத்திருக்கிறீர்களா என்று இனாயா கேட்டாள். பின்கட்டில் ஐந்தாவது ஒன்று வைத்ததாகவும், அது மட்டும் சரிவரவில்லை என்றும், வெயிலுக்குக் கெட்டுப்போன கணினியாக இருக்கும் என்று அதைத் துணி போட்டு மூடி வைத்திருப்பதாகவும் ரெங்கம்மா ஒத்துக்கொண்டார். அதற்கு இழுத்த வயர்தான் இருப்பதிலேயே நீளம்.

ரெங்கம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார்.

“அப்ப இது யாரோட பிழை?”

இனாயா வாயைத் திறந்தாள். அதற்குள் அன்னலட்சுமி சொல்லிவிட்டாள்.

“உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நான்தாங்க. மூணு மாசம் படிச்சேன், ஏன் இந்த வரிசைன்னு ஒரு நாளும் கேக்கல. இவகிட்டயும் கேக்கல, சேர்கிட்டயும் கேக்கல.”

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எவ்வளவு இலேசாக வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இனாயா அவளைத் திரும்பிப் பார்த்தாள். ரெங்கம்மா எழுந்து போய்ப் பின்கட்டுக் கதவைத் திறந்துவிட்டு, அந்தக் கணினியின் மேலிருந்த துணியை இழுத்தார். சரி, எனக்கும் காட்டிட்டே செய்யுங்க, நானே செஞ்சு பழகணும் என்றார்.

அன்னலட்சுமி பிளக் பூட்டும் கருவியை ரெங்கம்மாவின் கையில் கொடுத்தாள்.